புழு உள்ள மீனும் புழு வாழாத நீரும்

புது தில்லி:

பெங்களூருவின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. கடைசல் பட்டறைகள், மின்முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடை ஆலைகள் எனச் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் நெருங்கி நிற்கும் பகுதி அது. தமிழகம், ஒடிஸா, பிகார், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் இதைச் சுற்றியுள்ள ஒண்டுக் குடித்தனங்களில் வாழ்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் இக்குடும்பங்கள் பலவற்றுக்குக் கட்டுப்படியாகும் புலால் ஆட்டிறைச்சி அன்று, ஏரி மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி, தொட்டியில் உயிருடன் துள்ளும் விரால், கெளுத்தி ஆகியவையே அவர்கள் வாங்குபவை.

மீனின் வயிற்றைக் கீறும்போது சில சமயம் வெள்ளை நாடா போன்ற ஒன்றோ, சிவந்த நூல் போன்ற ஒன்றோ நெளிந்து வெளியே வரும். அன்றைய மீன் முழுவதும் குப்பைக்குப் போய்விடும். விற்றவருக்கு வசவு கிடைக்கும். வாங்கியவருக்கு அடுத்த மாதம் வரை மீன் மீதே வெறுப்பு. புழு கண்ட மீனை உண்ணலாமா என்பது வீட்டுச் சமையலறையில் எழும் எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு தில்லியில் மூன்று அமைச்சகங்களுக்கும் பெங்களூருவில் அதே எண்ணிக்கைக்குக் குறையாத துறைகளுக்கும் பங்கு போட்டுத் தரப்பட்டுள்ளது. பங்கு போட்டதாலேயே விடை எவரிடமிருந்தும் முழுமையாக வருவதில்லை.

அறிவியலின் விடையைப் பொருத்தவரை தயக்கம் தேவையில்லை. குடலையும் செவுளையும் நீக்கி, நன்கு வேகவைத்த மீனில் எந்த ஒட்டுண்ணியும் உயிருடன் இருக்க வழியில்லை. சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் போதும் என்பது அமெரிக்க உணவுத் துறை வகுத்துள்ள அளவு. புளிக்கரைசலில் கொதிக்கும் தமிழ்நாட்டு மீன் குழம்பும், மசாலாவில் கொதிக்கும் கன்னடத்து மீன் சாறும் அந்த அளவைத் தாண்டியே அடுப்பிலிருந்து இறங்குகின்றன. புழுவைக் கண்டு மீனை எறிவது அருவருப்பின் காரணமாக என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடல்நலத்துக்கு அஞ்சி என்றால் அந்த அச்சம் இடம் மாறி வந்த அச்சம்.

எந்தப் புழு யாருக்குத் தீங்கு?

நன்னீர் மீன்களில் காணப்படும் ஒட்டுண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை மீனை மட்டுமே பற்றுபவை. குளத்து மீன் வளர்ப்போர் அன்றாடம் போராடும் மீன் பேன், சதையில் கொக்கி போலக் குத்தி நிற்கும் நங்கூரப் புழு, செவுளில் ஒட்டும் தட்டைப் புழுக்கள், உடலெங்கும் வெண்புள்ளி தோற்றுவிக்கும் நுண்ணுயிர் ஆகிய எவையும் மனிதனைத் தொற்றுவதில்லை. கெண்டை இன மீன்களின் வயிற்றில் நாடாவாகச் சுருண்டு கிடக்கும் லிகுலா என்ற புழு முழு வளர்ச்சி அடைவது நீர்ப்பறவைகளின் குடலில். பார்ப்பதற்கு இதுவே மிகவும் அருவருப்பூட்டுவது. மனிதனுக்கு மிகக் குறைந்த தீங்கு தருவதும் இத்தகையதுதான்.

மனிதனைப் பற்றக்கூடியவை எண்ணிக்கையில் சில. ஆனால் அவை அற்பமானவை அல்ல. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியிலும் லாவோஸிலும் ஆற்று மீனைப் பச்சையாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்து உண்ணும் வழக்கம் உண்டு. அந்த மீனில் உள்ள கல்லீரல் புழு மனிதனின் பித்தநாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, இறுதியில் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இப்புழுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. சீனாவிலும் கொரியாவிலும் காணப்படும் அதன் நெருங்கிய இனமும் பின்னர் அதே பட்டியலில் இடம்பெற்றது. உணவு வழிப் பரவும் ஒட்டுண்ணிகளை உலக உணவு, வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2014-ல் ஆபத்தின் வரிசையில் அடுக்கியபோது, இக்கல்லீரல் புழுக்களின் குடும்பத்துக்கு எட்டாம் இடம் கிடைத்தது. எலுமிச்சையும் மிளகாயும் புழுவைக் கொல்லும் என்ற நம்பிக்கைக்கு அந்நாடுகள் கொடுத்த விலை பெரிது. சாற்றில் ஊறிய சதை வெண்மையாகி, வெந்ததுபோலத் தோன்றும். உள்ளே இருக்கும் இளம்புழு சாவதில்லை.

இந்தியாவில் இத்தகைய தொற்று பரவலாக இல்லை என்பதற்குக் காரணம் அரசின் கண்காணிப்பு அன்று, அடுப்புதான். விதிவிலக்கு வடகிழக்கு மாநிலங்கள். மணிப்பூரில் 1980-களின் தொடக்கத்திலேயே நுரையீரல் புழுத் தொற்று கண்டறியப்பட்டது. ஓடைகளில் பிடிக்கும் நண்டைச் சரியாக வேகவைக்காமல் உண்பதால் வருவது அது. இருமலும் ரத்தம் கலந்த சளியும் அறிகுறிகள் என்பதால் காசநோய் என்று கருதி, பயனற்ற மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் பலர். அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் இதே குழப்பம் பின்னர் பதிவாயிற்று. இருமல் என்றவுடன் காசநோய் மருந்தைத் தொடங்கும் ஊர்ப்புறச் சுகாதார நிலையத்தில், நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்கும் வழக்கம் இல்லாததன் விளைவு இது.

வேலூரும் புதுச்சேரியும்

மீன் நாடாப்புழு என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் புழுவின் கதை தமிழ் வாசகர்களுக்கு இன்னும் அருகில் உள்ளது. பத்து மீட்டர் வரை வளரக்கூடிய இப்புழு, ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிப் பகுதிகளுக்கே உரியது என நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவில் மனிதரிடம் இது கண்டறியப்பட்ட முதல் நிகழ்வை 1998-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். 2007-ல் புதுச்சேரியிலிருந்து மற்றொரு நிகழ்வு பதிவாயிற்று. அதன்பின் ஆந்திரப் பகுதியிலிருந்தும் ஓரிரு பதிவுகள் வந்தன. எல்லாம் சேர்ந்தாலும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

எண்ணிக்கை குறைவு என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதில் ஓர் இடர் உண்டு. இப்புழு குடலில் இருந்தாலும் பலருக்கு அறிகுறியே தோன்றாது. உடலுக்குத் தேவையான பி-12 வைட்டமினைப் புழு உறிஞ்சிக்கொள்வதால் சிலருக்கு ரத்தசோகை வரும். ரத்தசோகை இந்தியாவில் ஆயிரம் காரணங்களால் வருவது. மலத்தைச் சோதித்துப் புழுவின் முட்டையைத் தேடுவோர் யார்? வேலூரிலும் புதுச்சேரியிலும் கண்டுபிடிக்கப்பட்டதற்கு அங்கு தேர்ந்த ஆய்வகம் இருந்ததும் ஒரு காரணம். மருந்து எளியது. பிராசிகுவாண்டல் மாத்திரையே பெரும்பாலும் போதுமானது.

பச்சை மீனை உண்ணும் வழக்கம் தென்னாட்டில் இல்லை என்று சொல்லும்போது ஹைதராபாதை மறந்துவிட முடியாது. ஆண்டுதோறும் ஜூன் மாதம், மிருகசீரிஷ கார்த்தி தொடங்கும் நாளில், ஆஸ்துமா நோயாளிகள் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். மூலிகைக் கலவையை வாயில் வைத்த இரண்டு, மூன்று அங்குல விரால் குஞ்சை அவர்கள் உயிருடன் விழுங்குகின்றனர். 1845-ஆம் ஆண்டிலிருந்து தமது குடும்பத்தில் வழிவழியாக வரும் முறை என்று இதனை வழங்கும் பத்தினி குடும்பத்தினர் கூறுகின்றனர். பகுத்தறிவு இயக்கத்தினர் நீதிமன்றம் சென்ற பிறகு 'மருந்து' என்ற சொல் கைவிடப்பட்டு 'பிரசாதம்' என்ற சொல் வந்தது. மீன் குஞ்சுகளை ஏற்பாடு செய்வது மாநில அரசின் மீன்வளத் துறை. வரிசையை ஒழுங்குபடுத்துவது காவல் துறை. தென்கிழக்கு ஆசியாவில் தோலுக்கடியிலும் சில சமயம் கண்ணிலும் மூளையிலும் ஊரும் ஒருவகை உருளைப்புழுவை மனிதருக்குக் கடத்தும் மீன்களில் விராலும் ஒன்று. பண்ணையில் வளர்ந்த குஞ்சில் அது இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் எந்தச் சோதனைக்குப் பிறகு அவை திடலுக்கு வருகின்றன என்பது பொதுமக்கள் முன் வைக்கப்பட வேண்டிய தகவல். பிரசாதம் என்ற பெயர் மருந்துச் சட்டத்திலிருந்து காக்கலாம். புழுவுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு எதிர்முனையில், பெங்களூருவின் நட்சத்திர விடுதிகளில் பரிமாறப்படும் ஜப்பானிய முறைப் பச்சை மீன் உள்ளது. பச்சையாக உண்ணப்படும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள்கள் உறைய வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. ஐரோப்பிய விதி அதே குளிரில் 24 மணி நேரம் என்கிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அந்தக் குளிர் நிலையாகக் கிடைப்பது அரிது. எனவே கடையில் வாங்கிய கட்லாவை வைத்து இதனை வீட்டில் முயல்வது தவறு.

சட்டத்தின் சொற்கள்

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக, 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. 'பாதுகாப்பற்ற உணவு' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கங்களில், புழுவோ வண்டோ பூச்சியோ தொற்றியிருப்பதும் ஒன்று. சொல்லுக்குச் சொல் படித்தால், வயிற்றில் புழு உள்ள கட்லாவை விற்பவர் பாதுகாப்பற்ற உணவை விற்றவராகிறார். ஆற்று மீனில் ஒட்டுண்ணி இயற்கை; அதைத் தேடினால் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே இந்தப் பிரிவை அப்படியே நடைமுறைப்படுத்தினால் நாட்டின் மீன் சந்தைகளில் பலவற்றை மூட வேண்டிவரும். நடைமுறைப்படுத்தவில்லை என்பதே உண்மை.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மற்றொரு வாசகம் உள்ளது. விவசாயி, மீனவர், விவசாயப் பணிகள், பயிர், கால்நடை, நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. சிறு உற்பத்தியாளர்களை ஆய்வாளர்களின் பிடியிலிருந்து காக்க வேண்டும் என்ற நல்ல நோக்கில் சேர்க்கப்பட்ட விலக்கு என்று கொள்ளலாம். உயிருள்ள விலங்குகளும், சந்தைக்கென ஆயத்தம் செய்யப்படாத வரை, 'உணவு' என்ற வரையறைக்குள் வருவதில்லை. விளைவு என்ன? குளத்தில் என்ன கலந்தது, என்ன தீவனம் போடப்பட்டது, எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்று உணவு ஆய்வாளர் குளக்கரையிலேயே கேட்க வழியில்லை. மீன் கடைப் பலகைக்கு வந்த பிறகே அவருடைய அதிகாரம் தொடங்குகிறது. தொட்டியில் துள்ளும் விரால் உணவா, உயிரினமா என்ற வாதத்தை ஒரு வழக்கறிஞர் நாள் முழுவதும் நீட்டிக்க முடியும்.

ஏற்றுமதி மீனின் நிலை வேறு. சுகாதாரக் குறைபாடுகளைக் காட்டி 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்த பிறகு, ஏற்றுமதி ஆலைகள் தலைகீழாக மாற்றியமைக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணி உள்ளதா என்று மீனைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள ஏற்றுமதி ஆய்வு அமைப்பு அதனைக் கண்காணிக்கிறது. ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகும் மீனுக்குக் கிடைக்கும் இந்தப் பார்வை பீன்யாவுக்குப் போகும் மீனுக்குக் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே குடியரசின் மீன்.

2018-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நினைவுகூர்வோர் இருப்பர். மீன் அழுகாதிருக்க, பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சேர்க்கப்படுவதாக எழுந்த அச்சம் கேரளத்தில் தொடங்கி சென்னையையும் எட்டியது. கேரள அதிகாரிகள் டன் கணக்கில் மீனைப் பறிமுதல் செய்தனர். சில வாரங்கள் சந்தைகள் வெறிச்சோடின. சோதனைக் கருவிகள் வாங்கப்பட்டன. பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன், 1988-ல், உடலெங்கும் செம்புண் தோன்றும் நோய் வங்கதேசம் வழியாக வடகிழக்கு மாநிலங்களுக்கும் மேற்கு வங்கத்துக்கும் வந்தபோதும் மக்கள் மீன் வாங்க அஞ்சினர். மீனவர் வீட்டு உலை எரியாமல் கிடந்தது. பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வரும் அந்நோய் மனிதனைத் தொற்றுவதில்லை என்பது தெளிவாக நாளாயிற்று. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் (சிஃபா) அதற்கு 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தை உருவாக்கியது.

அந்த நிறுவனத்தின் மண்டல ஆய்வு மையம் ஒன்று பீன்யாவுக்கு வடக்கே ஹெசரகட்டாவில் இருக்கிறது. 1894-ல் பெங்களூருவின் குடிநீருக்காக அர்க்காவதி ஆற்றில் அமைக்கப்பட்ட நீர்த்தேக்கம் உள்ள ஊர் அது. மீன் நோய் அறிந்த அறிவியலாளர்களும் மீனைக் கண்டு அஞ்சும் நுகர்வோரும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றனர். இருவருக்கும் இடையே ஒரு துண்டுப் பிரசுரமாவது இருந்திருக்கலாம்.

'டி' வகை நீர்

இனி புழுவை விட்டு நீருக்கு வர வேண்டும். ஏனெனில் பீன்யாவின் உண்மையான கேள்வி அங்கேதான் உள்ளது.

நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தில்லி ஐஐடியுடன் சேர்ந்து மதிப்பிட்டு, 2009 டிசம்பரில் பட்டியலிட்டது. அதில் 70-க்கு மேல் மதிப்பெண் பெற்ற 43 பகுதிகள் 'மிக அபாய அளவில் மாசடைந்தவை'. அடுத்த நிலையான 'கடுமையாக மாசடைந்தவை' 32. பீன்யா அந்த இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றது. மின்முலாம் பூசும் கூடங்களிலிருந்து வெளியேறும் குரோமியம் இப்பகுதியின் நிலத்தடி நீரில் கலந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. குடிநீரில் குரோமியத்தின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பெங்களூருவின் ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது மாநில மீன்வளத் துறை. ஏரியைப் பராமரிப்பது மாநகர நிர்வாகம். நீரைச் சோதிப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரின் தரத்தை 'ஏ' முதல் 'இ' வரை வகைப்படுத்தும் மத்திய வாரியத்தின் அளவுகோலில், மீன் வளர்ப்புக்கும் வன உயிரினங்களுக்கும் ஏற்றது 'டி' வகை. அந்த வகைக்கு வேண்டிய தகுதிகள் மூன்றே: கார அமிலத்தன்மை 6.5-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவை பற்றி இந்த அளவுகோலில் ஒரு சொல்லும் இல்லை. மீன் உயிர் வாழுமா என்பதற்கு இந்த அளவுகோல் விடை சொல்லும். அந்த மீனை உண்பவர் நலமாக இருப்பாரா என்று அதனிடம் கேட்பதில் பயனில்லை.

ஆக்சிஜன் குறைந்தால் என்ன நேரும் என்பதை 2016 மார்ச் மாதம் அல்சூர் ஏரி காட்டியது. செத்து மிதந்த மீன்கள் கரையெங்கும் ஒதுங்கின. நகரம் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அத்தகைய நாள்களில் மலிவாக விற்பனைக்கு வரும் மீனை வாங்கலாகாது என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் உலோகம் கலந்த நீரில் மீன் உடனே சாவதில்லை. அது வளர்கிறது, எடை கூடுகிறது, தராசில் ஏறுகிறது. ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் மீனின் கல்லீரல், சிறுநீரகம், செவுள் ஆகியவற்றில் சேர்கின்றன; பாதரசம் மட்டும் சதையிலேயே தங்குகிறது. குடலையும் செவுளையும் நீக்கும் பழைய சமையல் வழக்கம் புழுவுக்கு மட்டுமன்றி உலோகத்துக்கும் ஓரளவு காப்பு. ஆனால் கொதிக்க வைப்பது இங்கு உதவாது. எவ்வளவு வெப்பத்திலும் ஈயம் ஈயமாகவே இருக்கும்.

ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. மீனைப் பற்றும் புழுக்களில் பல, ஒரே உயிரியில் வாழ்ந்து முடிப்பவை அல்ல. நத்தையிலோ நுண்ணிய நீர்ப்பூச்சியிலோ தொடங்கி, மீனுக்கு வந்து, பறவையில் முடியும் நீண்ட சங்கிலி அவற்றுடையது. நச்சுக் கழிவு கலந்த நீரில் முதலில் மடிவது நத்தையும் நீர்ப்பூச்சியுமே. சங்கிலி அறுந்ததும் புழுவும் மறைகிறது. ஆகவே வயிற்றில் ஒரு புழுவும் இல்லாத ஏரி மீன், தூய்மையான ஏரியிலிருந்தும் வந்திருக்கலாம். நத்தைகூட வாழ முடியாத ஏரியிலிருந்தும் வந்திருக்கலாம். கழிவுநீர் மிகுந்த குளங்களில் சில வகை ஒட்டுண்ணிகள் பெருகுவதும் உண்டு என்பதால் இதனை உறுதியான சோதனையாகக் கொள்ள முடியாது. மீனின் குடலில் வாழும் சில புழுக்கள், மீனின் சதையைக் காட்டிலும் பல நூறு மடங்கு ஈயத்தையும் காட்மியத்தையும் தம் உடலில் சேர்த்து வைப்பதும் ஐரோப்பிய ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அருவருப்போடு எறியப்படும் புழுவை ஓர் ஆய்வகத்தில் கொடுத்தால் அது ஏரியைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்லும்.

மருந்து என்ற பெயரில்

புழுவின் மீதுள்ள அச்சம் மற்றொரு தீங்கையும் அழைத்து வருகிறது. மீன் பேன் கண்ட குளத்தில் வளர்ப்போர் சிலர் பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியையே ஊற்றுகின்றனர். இவ்வாறு நெடுங்காலம் பயன்பட்ட டைக்ளோர்வாஸ், டிரைகுளோர்ஃபான் ஆகிய இரண்டையும் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் பயன்படுத்தலாகாது என மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. மீனை மட்டுமே பற்றும் பேனைக் கொல்ல, மனிதனின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சைத் தேர்ந்தெடுத்திருந்த காலம் அது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி பற்றியும் சொல்லியாக வேண்டும். நாட்டு மீன் இனங்களை விழுங்கி அழிக்கும் இந்த அயல் மீனை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தடையை உறுதியாக நிறைவேற்றுமாறு கூறியது. இருந்தும் பெங்களூருவின் புறநகர்க் குட்டைகளிலும் எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கோழிக் கழிவைத் தின்று கொழுக்கும் கெளுத்திகளை அதிகாரிகள் அவ்வப்போது அழித்துவருகின்றனர். ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் காற்றைச் சுவாசித்து உயிர் வாழ்வது இம்மீனின் இயல்பு. 'டி' வகைத் தகுதிகூட இல்லாத நீரில் விளைந்து, மலிவு விலைக்கு வந்து சேர்வதும் இதனால்தான்.

யாரிடம் கேட்பது?

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கு 20 கேள்விகளும் எழுத்து மூல விடைக்கு 230 கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. குறைந்தது 15 நாள்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். எந்த அமைச்சருக்கான கேள்வி என்பதை உறுப்பினரே குறிப்பிட வேண்டும். பீன்யா மீனைப் பற்றிய கேள்வி இந்த முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

மீன்வளத் துறைக்கெனத் தனி அமைச்சகம் 2019-ல் உருவானது. ஆனால் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். மத்திய அரசுக்கு உரியது நாட்டின் கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டுமே. உணவுக் கலப்படம் பொதுப் பட்டியலில் 18-ஆவது இனமாக உள்ளது. அது சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. நீர் மாசைத் தடுக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். செயல்படுத்துவது மாநில வாரியங்கள். முதல் அமைச்சகத்திடம் கேட்டால் மாநிலப் பொருள் என்ற விடை வரும். இரண்டாவதிடம் கேட்டால் மாதிரிகள் எத்தனை எடுக்கப்பட்டன என்ற அட்டவணை இணைப்பாக வரும். மூன்றாவதிடம் கேட்டால் நீரைப் பற்றிய விடையே வரும். மீன் அதில் இராது. அவையின் நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து வருவோருக்கு இது புதிதன்று.

நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 2013 முதல் லக்னௌவில் உள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. மீன் நோயை விவசாயிகள் கைப்பேசி வழியாகவே தெரிவிக்கும் செயலி 2023 ஜூன் மாதம் அறிமுகமாயிற்று. பயனுள்ள முயற்சிகள்தாம். ஆனால் இவற்றின் கண் மீன் வளர்ப்போரின் இழப்பின் மீது உள்ளது. மீன் உண்போரின் தட்டு இவற்றின் எல்லைக்குள் வரவில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு 2020-ல் 20,050 கோடி ரூபாய் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது உற்பத்தியைப் பெருக்குவதே முதன்மை நோக்கமாகச் சொல்லப்பட்டது. நகர ஏரிகளில் பிடிபடும் மீனின் சதையில் உலோக அளவை ஆண்டுக்கு இருமுறை சோதித்து, குத்தகை ஏலத்துக்கு முன் அந்த முடிவை ஏரிக்கரையில் எழுதி வைப்பதற்கு இத்தொகையில் ஒரு துளி போதும். மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், ஈயம் 0.3 மில்லிகிராம் என்ற உச்ச வரம்புகள் ஏற்கெனவே உணவு ஆணையத்தின் விதிகளில் உள்ளன. வரம்பு இருக்கிறது, அளந்து பார்க்கும் கை ஏரிக்கரை வரை நீளவில்லை.

இது கர்நாடகத்தின் உள்விவகாரம் என்று தமிழக உறுப்பினர்கள் ஒதுங்கிவிடவும் முடியாது. பீன்யாவின் கழிவில் ஒரு பகுதி விருஷபாவதி ஆற்றில் சேர்கிறது. பசவனகுடியில் ஒரு கோயிலருகே தோன்றியதாகச் சொல்லப்படும் அந்த ஆறு இன்று நகரின் சாக்கடையாகவே ஓடி, கனகபுரா அருகே அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி சங்கமா என்ற இடத்தில் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து மேக்கேதாட்டு, ஒகேனக்கல், மேட்டூர். காவிரியிலும் தென்பெண்ணையிலும் கர்நாடகம் கழிவுநீரைக் கலப்பதாகக் கூறி தமிழக அரசு 2015-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நீரின் தரத்தை ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஒப்படைத்தது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்கள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம் அவையில் குரல் எழுவதுண்டு. அந்த வாதங்கள் யாவும் குடிநீரையும் பாசன நீரையும் பற்றியவை. ஒகேனக்கல் கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அப்போதே பொரித்துத் தரப்படும் மீனும், மேட்டூர் அணையில் பிடிபட்டு சேலம், ஈரோடு சந்தைகளுக்குப் போகும் மீனும் அதே நீரில் வளர்ந்தவை. எண்ணெயில் முறுகப் பொரித்த அந்த மீனில் புழுவைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை.